பதினாறாம் நாள் உருமால்

அக்கா,

நேற்று குமுளி மலைப்பாதையில் ஏறும்போது பின்சக்கரம் காற்றிறங்கிவிட்டது. வண்டியில் இருந்த பெண்களை இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு வீல் ஸ்பேனரை எடுத்தேன். கழுத்து வளைந்த அதே ஸ்பேனர். இந்த வண்டி வேறு ஒருவருடையது, நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். ஸ்பேனர் மட்டும் உங்களுடையது. வளைந்த ஸ்பேனரை வைத்துக்கொண்டு நட்டைக் கழற்றுவது எவ்வளவு இம்சை என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் அதை ஒருநாளும் நட்டுக்குப் பயன்படுத்தியதில்லையே.

புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் கேட்டாள்: "ஏண்ணே, இது ஏன் இப்படி வளைஞ்சு கெடக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி சொன்னாள்: "அது எனக்காக வளைஞ்சது தாயி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளால் சிரிக்க முடிகிறது. நான் குனிந்து நட்டைத் திருகினேன்.

உங்களை நல்லவர் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். கூடலூரிலிருந்து நாற்பது பெண்களை இரண்டு ஜீப்பில் ஏற்றி, ஒன்றை நீங்களும் ஒன்றை நானுமாக ஓட்டி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கக் கூட்டிப்போன ஒப்பந்தக்காரி நீங்கள். வாயும் கையும் ஒன்றாக ஓடும் உங்களுக்கு. எங்களை அடிப்பீர்கள், பிறகு பரோட்டா வாங்கிக் கொடுப்பீர்கள். அடித்ததற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

அன்றைக்கு எடைக் கொட்டகையில் பேச்சியின் மூட்டையில் இலையும் தண்டும் கிடப்பதாகச் சொல்லி சூப்பர்வைசர் இரண்டு கிலோ குறைத்தான். அவள் மூட்டையைக் கவிழ்த்துக் காட்டினாள். இலையைக் காணோம். அவன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். முன்சீட்டில் உட்கார்ந்து பிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருந்த நீங்கள் மூடியைத் திருகி மூடிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பேனரோடு இறங்கினீர்கள். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. முதல் அடி தராசு தொங்கிய இரும்புத் தூணில் விழுந்து ஸ்பேனரின் கழுத்து வளைந்தது. இரண்டாவது அடி அவன் வலது கையில். எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. "அம்மே" என்று அலறிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நீங்கள் குனிந்து அவன் முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள்: "எந்திரிச்சு எடை போடு. இன்னொரு கை இருக்குல்ல?"

அவன் இடது கையால் எடை போட்டான். போட்டபடி அழுதான். நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

எஸ்டேட்காரர்கள் போலீசுக்குப் போகவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள். ஒரு சுற்றுக் காய் எடுப்பு முடிந்தால் மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். ஒன்பது வாரக் கூலி அங்கே நின்றது. மானேஜர் அதைத் தர மறுத்துவிட்டார். நாற்பது பெண்களின் ஒன்பது வாரம். வேறு தோட்டத்தில் வேலை பிடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை மலையேறிப் போய் அந்த ஆபீஸ் வாசலில் நின்று கத்தினீர்கள். மூன்றாவது வாரம் அப்படிக் கத்திவிட்டு இறங்கும்போதுதான், "நெஞ்சு எரியுதுலே, எங்கனயாச்சும் நிறுத்தி ஒரு சோடா வாங்கு" என்றீர்கள். லோயர்கேம்ப்பில் நிறுத்தினேன். சோடாவோடு திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. கை மட்டும் இறுக மூடியிருந்தது. யாரை அடிக்க மூடினீர்களோ, வீட்டில் குளிப்பாட்டும்போதும் அதை விரிக்க முடியவில்லை.

உயில் விஷயம் அப்புறம்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் உத்தமபாளையத்துக்கு என்னைக் கூட்டிப்போய் எழுதிப் பதிந்தீர்கள். இரண்டு ஜீப்பில் பழையது எனக்கு. கடன் போக மற்றது உங்கள் தம்பிக்கு. எல்லாவற்றையும் தீர்த்து வைக்கும் நிறைவேற்றாளராக என் பெயர். பத்திரம் எழுதுபவர் தயங்கினார். "படிச்ச ஆளு யாரையாச்சும் போடலாமேம்மா?"

"படிச்சவன் சட்டம் பேசிட்டு ஓடிருவான். இவன் அடி வாங்கிட்டும் அங்கனயே நிப்பான்."

எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வரும் வழி முழுக்க உங்களோடு பேசவில்லை. நீங்களும் சமாதானம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் வாய்க்கால் கரையில் கருமாதி. உங்களுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கொள்ளி வைத்தது தம்பி. உருமால் கட்டும் நேரம் வந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? புதுத்துணியைத் தலையில் கட்டிக்கொள்கிறவன் செத்தவருடைய சொத்துக்கும் கடனுக்கும் ஊர் அறியப் பொறுப்பு. ஊர்ப் பெரியவர் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டார். அவன் கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசையில் கம்பத்து வட்டிக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். புது ஜீப் வாங்க நீங்கள் கடன் வாங்கியது அவரிடம்தான். அவருக்குப் பின்னால் பேச்சியும் மற்ற பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

தம்பி பின்னால் நகர்ந்தான். "எனக்கு வேணாம் மாமா. துணியோட சேர்த்து அவுக கடனும் என் தலைல ஏறிரும்" என்றான்.

உங்கள் கருமாதியில், நீங்கள் வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படிச் சொன்னான். அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். வாய்க்கால் படியில் மல்லாக்க விழுந்தான், மண்டை உடைந்தது. பெரியவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி நானே என் தலையில் சுற்றிக்கொண்டேன். "ஏறட்டும்! என் தலைல ஏறட்டும்! அக்காகிட்ட யாருக்கு என்ன வரணுமோ என்கிட்ட கேளுங்க!" என்று கத்தினேன். வட்டிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கூறுகெட்டதனம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா, அதை மறைப்பானேன்.

மறுநாளே வட்டிக்காரர் இரண்டு ஆட்களோடு ஜீப் ஷெட்டுக்கு வந்தார். "உருமால் உன் தலைல ஏறிருச்சு. கடன் நோட்டும் உன் தலைலதான். எடு" என்றார். உயில் கோர்ட்டில் நிரூபணம் ஆகி பேப்பர் வரட்டும் என்றேன். அவர் வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். உச்சி வெயிலில், ஷெட்டின் கதவைக்கூடச் சாத்தாமல், இரண்டு பேரும் என்னை அடித்தார்கள். ஒருவன் முடியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் உள்ளங்கையைக் குழித்து இடது காதிலேயே திரும்பத் திரும்ப அறைந்தான். தொழில் தெரிந்தவன். ஐந்தாவது அறையில் உள்ளே ஏதோ கிழிந்து, சூடாகக் கழுத்தில் இறங்கியது. ஸ்பேனர் இருந்த வண்டி நாலடி தள்ளி நின்றது. எட்டவில்லை.

புது ஜீப்பைப் பேப்பர் கேட்காத ஒரு தரகனுக்கு விற்று, வட்டியும் முதலுமாக அவர் கையில் கொடுத்தேன். அடி தாங்காமல் கொடுத்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். பாதிதான் அடிக்குப் பயந்து கொடுத்தது. மீதி, உருமால் கட்டிய தலை ஊருக்கு முன்னால் குனியக்கூடாது என்ற வீம்பு.

காதில் பஞ்சோடு உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். நம் பக்கத்தில் உயிலுக்குக் கோர்ட் முத்திரை கட்டாயமில்லை, ஆனால் எஸ்டேட்காரன் அது இல்லாமல் காசு தரமாட்டான் என்பதால் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றார். என்னென்ன கடன் என்று கேட்டார். வட்டிக்காரர் பணமும் பெண்களின் கூலியும் இரண்டே இரண்டுதான், வட்டிக்காரருடையதை முழுசாக முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உருமால் கட்டுனதுக்குச் சட்டத்துல ஒரு வரியும் கெடையாது. அவுக விட்டுட்டுப் போனதுக்குள்ளதான் நீங்க கடன் அடைக்கணும். அதுக்கும் வரிசை இருக்கு. எரிச்ச செலவு, வைத்தியச் செலவு, கோர்ட் செலவு. அடுத்தாப்புல, அவுக சாகுறதுக்கு முந்துன மூணு மாசத்துல அவுககிட்ட வேலை செஞ்சவுக கூலி. அதெல்லாம் போகத்தான் மத்த கடன். நீங்க கடைசிப் பந்தி ஆள முதல் பந்தில உக்கார வச்சுச் சோறு போட்டுட்டீக. இனி கூலிக்குப் பத்தலைன்னா உங்க கையில இருந்துதான் போடணும்."

நான் சிரித்துவிட்டேன். அடிபட்டதில் மூளை கலங்கிவிட்டதோ என்று அவர் பார்த்தார். எனக்கு ஞாபகம் வந்தது வேறு. முன்பொரு சனிக்கிழமை தோட்டத்துப் பணம் வந்தபோது, டீசல்காரன் நின்று கத்துகிறானே என்று பெண்களுக்கு முன்னால் அவனுக்கு எண்ணிக் கொடுத்தேன். ஜீப் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க, இதே இடது காதோடு சேர்த்து ஓங்கி ஒன்று விட்டீர்கள். "ஏலே, சத்தம் போடுறவனுக்கு முதல்ல குடுப்பியா? சத்தம் போடாம நிக்கிறா பாரு, அவ மூஞ்சியப் பாத்துக் குடுடா!" சட்டத்தில் எழுதி வைத்திருப்பதை நீங்கள் என்றைக்கோ என் கன்னத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்தான் மறந்துபோனேன்.

பேச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். காலையில் எல்லோரும் வண்டிக்குக் காத்திருந்த நேரம். புது ஜீப் விற்ற காசு எங்கே என்று கேட்டாள். சொன்னேன். முதல் செருப்பு அவளுடையது. நாற்பது பேரும் அடித்தார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள், அது பொய். ஒன்பது பத்துப் பேர்தான் அடித்தார்கள், மற்றவர்கள் இடம் கிடைக்காமல் நின்றார்கள். யாரோ சோற்றுத் தூக்குவாளியால் அடித்ததில் புருவம் பிளந்து, மோர்ச்சோறும் ரத்தமும் சேர்ந்து கண்ணில் வழிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. ஓடவும் இல்லை.

"அக்கா இருந்திருந்தா அந்த வட்டிக்காரன் வாசல்லயே அவன் பல்லப் பேத்திருப்பாக!" பேச்சி செருப்பைக் கீழே போட்டாள். "எம் பிள்ளைக்கு அந்த ஒம்பது வாரமும் கடைல கடன் சொல்லி அரிசி வாங்குனேன். அந்தக் கூலியக் கொண்டுபோய் அவன் மடியில கொட்டிட்டு வந்து நிக்கிறியே!"

முகத்தைக்கூடக் கழுவாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினேன். வட்டிக்காரர் கடையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே அடியில் மேஜைக் கண்ணாடி சிதறி அவர் தாடையைக் கிழித்தது. அவர் வலது கையைப் பிடித்து மேஜைமேல் அழுத்தி ஸ்பேனரை ஓங்கினேன். "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்று சின்னப் பிள்ளைபோல் அழுதார். கையை ஒடிக்க எனக்கு ஆசையாக இருந்தது அக்கா. வாயில் எச்சில் ஊறும் அளவுக்கு ஆசை. ஒடித்துவிட்டு நான் ஜெயிலில் உட்கார்ந்தால் மலையேறிப்போய் அந்தப் பணத்தை யார் வாங்குவது? அது ஒன்றுதான் என் கையைப் பிடித்தது. அவரை விட்டுவிட்டு வெளியே நின்ற அவருடைய மோட்டார்சைக்கிளை, பெட்ரோல் டாங்க் நசுங்கி ரோட்டில் பெட்ரோல் ஓடும்வரை அடித்தேன். ஆறு நாள் உள்ளே வைத்தார்கள். அங்கே விழுந்த அடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர் ஒரு பைசா திருப்பித் தரவில்லை.

கோர்ட் இரண்டு வருஷம் இழுத்தது. எஸ்டேட்டில் பணம் நிற்கிற சேதி தெரிந்ததும், உயிலே பொய், டிரைவர் மிரட்டி எழுதி வாங்கினான் என்று தம்பி ஆட்சேபம் போட்டான். ஒரு வாய்தாவில், வாசல் டீக்கடையில், டீ கிளாசை என் நெற்றியில் உடைத்தான். நான் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினேன். முகம் கறுத்து, கண் பிதுங்கிய பிறகும் விடவில்லை. டீக்கடைக்காரர் கொதிக்கும் தண்ணீரை என் முதுகில் ஊற்றித்தான் பிரிக்க முடிந்தது. அந்தக் கண் உங்கள் கண் மாதிரியே இருந்தது என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவனை நான் தொடவில்லை. கடைசியில் பத்திரம் எழுதியவரும் சாட்சிகளும் வந்து உள்ளதைச் சொன்னார்கள். முத்திரை போட்ட பேப்பர் என் கைக்கு வந்தது.

பேச்சியையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். அன்றைக்கு ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். "கோடதி பேப்பர் உண்டோ?" என்று கேட்டு வாங்கி நாலு முறை படித்தார் மானேஜர். ஆஸ்பத்திரிச் செலவு, அந்தச் செலவு, இந்தச் செலவு என்று கழித்து, வரவேண்டியதில் பாதிக்குச் செக் எழுதச் சொன்னார். எழுதியது அதே சூப்பர்வைசர். வலது கை கோணலாகச் சேர்ந்திருந்தது. இடது கையால் எழுதினான். "அக்கா மரிச்சு, அல்லே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கோணல் கையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு வழக்குப் போட்டு மீதியை வாங்க இன்னும் எத்தனை வருஷமோ. புது ஜீப்பின் காசு இருந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். என் வீம்பு தின்றதை நான்தான் வைக்க வேண்டும். எனக்கென்று நீங்கள் எழுதிவைத்த பழைய ஜீப்பை விற்றேன். வண்டி கை மாறும் முன்பு, அதன் பானட்டின் மேலேயே உங்கள் கூலிக் கணக்கு நோட்டை விரித்து வைத்து, ஜீப் ஸ்டாண்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என்னைத் தூக்குவாளியால் அடித்தவள் வாங்கும்போது என் புருவத் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பது பேரும் கையெழுத்தும் ரேகையும் வைத்து முடித்தார்கள். நோட்டை மூடப்போனேன்.

பேச்சி கையை நீட்டித் தடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அங்கே உங்கள் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி: டிரைவர், ஒன்பது வாரம்.

"எனக்கு வேணாம்" என்றேன்.

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "திரும்பவும் வேணுமா? நீயும் அவுககிட்ட வேலை செஞ்சவன்தானே? வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுண்ணே. அக்கா ஒருத்தன்கிட்டயும் கடங்காரியா நிக்கக் கூடாது."

உங்கள் பணம் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. என் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து எண்ணி, என் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், அத்தனை அடியிலும் வராத அழுகை அப்போது வந்தது. பானட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதுவும் நல்லதுதான்.

உருமால் துணியை ஸ்பேனரில் சுற்றி, போகிற வண்டிக்கெல்லாம் கொண்டுபோய் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். இடது காது போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்றைக்குச் சனிக்கிழமை அக்கா. கூலிப் பணத்தை முதலாளி என் கையில்தான் கொடுத்துவிட்டிருக்கிறார். ஜீப் ஸ்டாண்டில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், கடைசியில் அந்தப் புதுப்பெண், வாயே திறக்காமல். அவளிடமிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். டீசல்காரன் வழக்கம்போல வந்து கத்திக்கொண்டிருக்கிறான். கத்தட்டும். அவனை இடது பக்கம் நிற்க வைத்திருக்கிறேன்.